கணினியில் விளையாட முதல் கன்ட்ரோலர்: குறைந்த விலையில் தேர்ந்தெடுப்பது எப்படி

கணினியில் கேம் விளையாடத் தொடங்கும் பலர் முதல் சில மாதங்களைக் கீபோர்டையும் மவுஸையும் வைத்தே ஓட்டிவிடுகிறார்கள். கார்ப் பந்தயமோ கால்பந்தோ கைக்கு வரும்போதுதான் குறை தெரிகிறது. கீபோர்டில் ஒரு விசை அழுந்தியிருக்கும், இல்லையென்றால் அழுந்தாமலிருக்கும். இரண்டுக்கும் நடுவில் வேறு நிலை கிடையாது. ஆகவே லேசாகத் திருப்ப வேண்டிய வளைவில் கார் முழுவீச்சில் திரும்பிச் சுவரில் மோதுகிறது. இரு கைகளாலும் பிடித்து விளையாடும் கன்ட்ரோலரில், கட்டைவிரலால் சாய்க்கும் குட்டைக் குச்சியான ஸ்டிக்கை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவுதான் கார் திரும்பும். ஆள்காட்டி விரலால் அழுத்தும் டிரிக்கரைப் பாதி அழுத்தினால் ஆக்ஸிலரேட்டரும் பாதிதான் அழுந்தும். இந்த நுண்மைக்காகத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். அதை எந்த மாடல் கெடாமல் நீண்ட நாள் தருகிறது என்பதைக் கொண்டே விலையை எடைபோட வேண்டும்.

என் அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் தன் சேமிப்பில் வயர்லெஸ் கன்ட்ரோலர் ஒன்று வாங்கினான். வண்ண விளக்குகள், பின்பக்கம் கூடுதல் பட்டன்கள், கைக்கு இதமான ரப்பர்ப் பிடி என்று பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. எட்டாவது மாதத்தில், அவன் கையை எடுத்த பிறகும் திரையில் இருந்த வீரன் இடப்பக்கமாக மெல்ல நடந்துகொண்டே இருந்தான். உத்தரவாதம் ஆறு மாதத்தோடு முடிந்திருந்தது. நாங்கள் இருவரும் உட்கார்ந்து அதைத் திறந்து, இடது ஸ்டிக்கின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பச்சை நிறச் சிறு பெட்டியைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே குதிரை லாட வடிவில் ஒரு கறுப்புக் கார்பன் பட்டையும், அதன்மேல் உரசி ஓடும் மெல்லிய உலோக விரலும் இருந்தன. பட்டையின் நடுப்பகுதியில் அந்த விரல் ஓடிய தடம் மட்டும் பளபளவென்று தேய்ந்து, ஓரத்தில் கரித்தூள் படிந்திருந்தது. விளக்குக்கும் ரப்பருக்கும் போனது போக ஸ்டிக்குக்கு மிஞ்சிய பணம் எவ்வளவு என்பது அப்போது எங்களுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து, புதிதாக வாங்க வருகிறவர்களிடம் ஸ்டிக்கைப் பற்றி முதலில் விசாரியுங்கள் என்றே சொல்லிவருகிறேன்.

முதல் படி: எந்த கேம்களுக்காக வாங்குகிறீர்கள்?

கார்ப் பந்தயம், கால்பந்து, சண்டை கேம்கள், மேடைக்கு மேடை தாவிச் செல்லும் கேம்கள், மூன்றாம் நபர் பார்வையில் நடக்கும் சாகசக் கதைகள் ஆகியவற்றுக்குக் கன்ட்ரோலர் பொருத்தமானது. துப்பாக்கிப் போட்டி கேம்களிலும், படைகளை நகர்த்தும் வியூக கேம்களிலும் மவுஸுக்கு இணையாக அது வராது. வேலரண்ட் போன்ற கேம் கணினியில் கன்ட்ரோலரை ஏற்பதே இல்லை. அதற்காகவே ஒன்றை வாங்கிவிட்டு, கருவி பழுதென்று கடைக்காரரோடு மல்லுக்கு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒவ்வொரு கேமின் பக்கத்திலும் கன்ட்ரோலர் ஆதரவு முழுமையாக உண்டா, ஓரளவுதான் உண்டா என்று குறிக்கப்பட்டிருக்கும். நீங்கள் அதிகம் விளையாடும் நான்கைந்து கேம்களுக்கு அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள். ஓரளவு ஆதரவு என்றால், மெனுக்களிலோ பெயர் தட்டச்சு செய்யும் இடங்களிலோ கீபோர்டைத் தேட வேண்டியிருக்கும் என்று பொருள்.

இரண்டாம் படி: எக்ஸ்இன்புட் உண்டா என்று பாருங்கள்

கன்ட்ரோலரும் விண்டோஸும் பேசிக்கொள்ள முக்கியமாக இரண்டு முறைகள் இருக்கின்றன. பழையது டைரக்ட்இன்புட், 1990-களில் பல வடிவ ஜாய்ஸ்டிக்குகளுக்கும் ஸ்டீயரிங்குகளுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று வந்தது. அதில் எந்தப் பட்டனுக்கு எந்தப் பெயர் என்ற ஒழுங்கு கிடையாது. இது ஒன்றாம் பட்டன், இது ஏழாம் பட்டன் என்ற அளவில்தான் கேமுக்குத் தகவல் போகும். 2005-இல் தன் எக்ஸ்பாக்ஸ் 360 கேம் கருவி வந்தபோது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட் என்ற முறையைக் கொண்டுவந்தது. இரண்டு ஸ்டிக்குகள், இரண்டு டிரிக்கர்கள், நான்கு திசைகளுக்கான சிலுவை வடிவப் பட்டனான ஒரு டி-பேட், ஏ, பி, எக்ஸ், ஒய் என்று பெயர் பெற்ற நான்கு பட்டன்கள் என எல்லாம் அதில் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டவை. அதன்பின் வந்த விண்டோஸ் கேம்களில் மிகப் பெரும்பாலானவை இந்த முறையை மனதில் வைத்தே எழுதப்பட்டுள்ளன. எக்ஸ்இன்புட் உள்ள கன்ட்ரோலரைச் செருகினால், வேறு எதையும் நிறுவாமலே கேம் அதை அடையாளம் கண்டுகொள்ளும். திரையில் தோன்றும் பட்டன் குறிகளும் கையிலிருப்பதோடு பொருந்தும்.

ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்கு விற்கப்படும் கன்ட்ரோலர்களில் பல டைரக்ட்இன்புட் மட்டுமே தெரிந்தவை. ஃபோனுக்கென்று செய்யப்பட்ட ப்ளூடூத் கன்ட்ரோலர்களும் கணினியில் பெரும்பாலும் அப்படித்தான் நடந்துகொள்ளும். விண்டோஸ் அதைக் கண்டுகொண்டதாகக் காட்டும், கேமுக்குள் போனால் ஒன்றும் அசையாது. அல்லது வலது ஸ்டிக்கை அசைத்தால் பார்வை தலைகீழாகச் சுழலும். மென்பொருள் வைத்து இதைச் சரிசெய்ய முடியும் என்பது உண்மைதான் என்றாலும், புதியவர் ஒருவர் முதல் வாரத்தையே அந்தப் போராட்டத்தில் செலவழிப்பது வீண். பொருளின் விவரத்தில் எக்ஸ்இன்புட் என்ற சொல் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாமல், கணினிக்குப் பொருந்தும் என்று மட்டும் போட்டிருந்தால் அந்த மாடலைக் கடந்து சென்றுவிடுங்கள். சில மாடல்களில் இரண்டு முறைகளுமே இருக்கும். லாஜிடெக் எஃப்310-இன் அடிப்பக்கத்தில் இதற்கென்றே டி, எக்ஸ் என்று குறிக்கப்பட்ட சிறு தள்ளுசுவிட்ச் இருக்கிறது. வேறு சிலவற்றில் நடுவிலுள்ள ஹோம் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் முறை மாறும். புதிய கன்ட்ரோலர் கேமில் வேலை செய்யவில்லை என்றால், திருப்பி அனுப்பும் முன் இந்த மாற்றத்தை ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது.

சோனியின் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்களான டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ் ஆகியவை எக்ஸ்இன்புட் பேசாதவை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஸ்டீம் வழியாக விளையாடினால், ஸ்டீமே நடுவில் நின்று மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும். ஸ்டீமுக்கு வெளியே வாங்கிய கேம்களுக்கு டிஎஸ்4விண்டோஸ் என்ற இலவச மென்பொருள் தேவைப்படும். அது இந்தக் கன்ட்ரோலரை விண்டோஸுக்கு எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர்போலக் காட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விட்டால், ஒருமுறை அழுத்தியது இருமுறை பதிவாகும்; மெனுவில் ஒரு வரி இறங்க நினைத்தால் இரண்டு வரி இறங்கும். அப்போது ஏதேனும் ஒன்றை நிறுத்திவிடுங்கள். வீட்டில் ஏற்கெனவே பிளேஸ்டேஷன் இருப்பவர்கள் அதன் கன்ட்ரோலரையே கணினிக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம், புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: ஸ்டிக்குக்குள் என்ன இருக்கிறது?

மேலே சொன்ன கார்பன் பட்டை உள்ள அமைப்புக்குப் பொட்டென்ஷியோமீட்டர் என்று பெயர். ஸ்டிக்கைச் சாய்க்கும்போது உலோக விரல் பட்டையின்மேல் நகர்கிறது; அது நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்தடை மாறுகிறது; அந்த மாற்றத்தைக் கொண்டு ஸ்டிக் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சில்லு கணக்கிடுகிறது. உரசல் இருக்கும் வரை தேய்மானமும் இருக்கும். அதிகம் தேய்வது நடுப்பகுதிதான், ஏனென்றால் கையை எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்டிக் அங்கேதான் வந்து நிற்கிறது. தேய்ந்த இடத்தில் மின்தடை தடுமாற, சும்மா நிற்கும் ஸ்டிக்கைச் சாய்ந்திருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. இதைத்தான் டிரிஃப்ட் என்கிறார்கள். விலை உயர்ந்த கன்ட்ரோலருக்கு இந்த நோய் வராது என்று எண்ணிவிட வேண்டாம். டூயல்சென்ஸிலும் வழக்கமான எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரிலும் உள்ளவை பொட்டென்ஷியோமீட்டர் ஸ்டிக்குகளே. அவற்றில் உறுப்புகளின் தரம் நன்றாக இருப்பதால் நாள் தள்ளும்.

இதற்கு மாற்று ஹால் எஃபெக்ட் ஸ்டிக். மின்சாரம் ஓடும் ஒரு தகட்டின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனால், தகட்டின் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றுகிறது என்று 1879-இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கண்டறிந்தார். ஸ்டிக்கின் அடியில் சிறு காந்தத்தைப் பொருத்தி, அது நகர்வதை ஒட்டாமல் தள்ளியிருந்தே உணரி அளப்பதற்கு அடிப்படை அதுதான். ஒன்றோடொன்று உரசும் அளவி இல்லாததால், கார்பன் தேய்வதால் வரும் டிரிஃப்ட் இதில் வராது. சேகா நிறுவனம் 1998-இல் வெளியிட்ட டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இது இருந்தது. இடையில் பல ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, அண்மை ஆண்டுகளில் சீன நிறுவனங்கள் இதை மலிவு விலை கன்ட்ரோலர்களுக்கே கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. சிறிய தொகையோடு வருகிறவருக்கு இவ்வளவு நல்ல காலம் முன்பு இருந்ததில்லை என்று நான் நினைக்கிறேன். டிஎம்ஆர் என்ற பெயரிலும் சில மாடல்கள் இப்போது வருகின்றன. அதுவும் காந்தத்தைக் கொண்டு அளப்பதே, குறைந்த மின்சாரத்தில் இன்னும் நுட்பமாக அளக்கக்கூடியது. இரண்டில் எது கிடைத்தாலும் மகிழ்ச்சியாக வாங்கலாம்.

விளம்பரத்தைப் படிக்கும்போது ஒன்றில் கவனம் தேவை. ஹால் எஃபெக்ட் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், அது ஸ்டிக்குக்கா, டிரிக்கருக்கா என்பதை விவரத்தில் தேடிப் பாருங்கள். டிரிக்கரில் மட்டும் காந்த உணரி வைத்துவிட்டு, ஸ்டிக்கில் பழைய கார்பன் பட்டையையே வைத்த மாடல்களும் இருக்கின்றன. டிரிக்கர் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை, கெடுவது ஸ்டிக்தான். அத்துடன், ஹால் எஃபெக்ட் ஸ்டிக் உள்ளதெல்லாம் நல்ல கன்ட்ரோலர் என்றும் கொள்ள முடியாது. ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவரும் ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் அது ஒவ்வொரு முறையும் சற்றே வேறு இடத்தில் வந்து நிற்கும். ஸ்டிக்கைக் கீழே அழுத்தும்போது வேலை செய்யும் சுவிட்சும் வழக்கம்போலத் தேயக்கூடியதுதான். இவற்றையெல்லாம் பொருள் கைக்கு வந்த பிறகுதான் சோதிக்க முடியும். அந்தச் சோதனையைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான்காம் படி: வயரா, வயர்லெஸ்ஸா?

மேசையருகே உட்கார்ந்து விளையாடுபவர் என்றால் வயர் உள்ளதையே வாங்குங்கள். அதே விலையில் வயர்லெஸ் மாடல் ஒன்று கிடைக்கிறதென்றால், பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் ஆன செலவை உற்பத்தியாளர் வேறெங்கோ குறைத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். வயர் மாடலில் சார்ஜ் தீரும் கவலை கிடையாது. இரண்டு மூன்று ஆண்டுகளில் பேட்டரி வலுவிழந்து உப்பும் பிரச்சினையும் கிடையாது. வயரின் நீளம் இரண்டு மீட்டருக்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். கணினி தரையில் இருக்கும் வீடுகளில் ஒன்றரை மீட்டர் வயர் முழங்கையை இழுத்துக்கொண்டே இருக்கும்.

டிவியோடு கணினியை இணைத்துச் சோஃபாவிலிருந்து விளையாடுபவருக்கு வயர்லெஸ் தேவைதான். அதில் இரண்டு வகை. கணினியில் செருகும் சிறு யுஎஸ்பி டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு ஒன்று, ப்ளூடூத் மற்றொன்று. டாங்கிள் உள்ளதையே நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் ப்ளூடூத்தின் தரம் உங்கள் கணினியில் உள்ள ப்ளூடூத் சில்லையும் சார்ந்தது. பழைய மடிக்கணினிகளில் அது அடிக்கடி தொடர்பை இழக்கும். பல டெஸ்க்டாப் கணினிகளில் ப்ளூடூத்தே இருப்பதில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

டாங்கிளை எங்கே செருகுகிறோம் என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. யுஎஸ்பி 3.0 இணைப்பு தரவை அனுப்பும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் விளக்க அறிக்கை வெளியிட்டிருக்கிறது. என் கணினியின் பின்புறத்தில் வெளிப்புற ஹார்டு டிஸ்க் செருகியிருந்த நீலநிறப் போர்ட்டுக்கு அடுத்த போர்ட்டில் டாங்கிளை வைத்திருந்தேன். ஹார்டு டிஸ்கில் கோப்புகள் நகலாகும் நேரங்களில் மட்டும் கேமில் தாவல்கள் பதிவாகாமல் போயின. கன்ட்ரோலர் மோசம் என்றே சில நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அரை மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு வயர் ஒன்றைப் போட்டு டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்ததும் சிக்கல் தீர்ந்தது. முன்புறம் யுஎஸ்பி 2.0 போர்ட் இருந்தால் அதில் செருகினாலும் போதும்.

கன்ட்ரோலர் விநாடிக்கு எத்தனை முறை கணினிக்குத் தகவல் அனுப்புகிறது என்பதை விளம்பரங்களில் ஹெர்ட்ஸ் கணக்கில் போடுவார்கள். 125 ஹெர்ட்ஸ் என்றால் எட்டு மில்லி விநாடிக்கு ஒருமுறை, 250 என்றால் நான்கு, 1,000 என்றால் ஒன்று. விநாடிக்கு அறுபது படங்கள் ஓடும் கேமில் ஒரு படம் திரையில் நிற்பதே ஏறக்குறைய 16.7 மில்லி விநாடி. ஆகவே 250-ஐத் தாண்டிய எண்களுக்காகப் புதியவர் கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. டிவியில் விளையாடுபவர்கள் அதன் அமைப்புகளில் கேம் மோடை இயக்கினால், அதனால் குறையும் தாமதம் இதைவிடப் பல மடங்கு பெரியது.

மற்ற உறுப்புகள்

டிரிக்கர்கள் அனலாக் வகையாக இருக்க வேண்டும், அதாவது எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணர வேண்டும். பழைய கேம்களுக்கென்று செய்யப்பட்ட சிறிய கன்ட்ரோலர்களில் டிரிக்கரும் சாதாரணப் பட்டன்போல இயங்கும். கார்ப் பந்தயத்துக்கு அவை உதவாது. சண்டை கேம்களும் இருபரிமாணப் பழைய கேம்களும் பிடித்தவர்கள் டி-பேடை முக்கியமாகப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு அது மெனுவில் நகர மட்டுமே பயன்படும்.

அதிர்வு மோட்டார்கள் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் விளையாட்டு நிற்காது. பின்பக்கக் கூடுதல் பட்டன்கள், வண்ண விளக்குகள், டர்போ பட்டன் ஆகியவற்றை விலை சமமாக இருக்கும்போது மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏ, பி பட்டன்களின் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ்பாக்ஸ் அமைப்பில் ஏ கீழே, பி வலப்பக்கம். நின்டெண்டோ அமைப்பில் இவை இடம் மாறி, எக்ஸும் ஒய்யும்கூட மாறியிருக்கும். நின்டெண்டோவின் ஸ்விட்ச் கேம் கருவிக்கென்று அச்சிடப்பட்ட கன்ட்ரோலரைக் கணினியில் பயன்படுத்தினால், ஏ-வை அழுத்து என்று கேம் சொல்லும்போது விரல் தவறான பட்டனுக்குப் போகும். ஒரே மாடலே இரண்டு அச்சிலும் விற்கப்படுவதுண்டு, எனவே வாங்கும் முன் படத்தை உற்றுப் பாருங்கள்.

ஐந்தாம் படி: எவ்வளவு பணத்துக்கு எது கிடைக்கும்?

இந்தியச் சந்தையை வைத்துச் சொல்கிறேன். தள்ளுபடி நாட்களில் விலை கணிசமாக இறங்கும். ஆயிரம் ரூபாய்க்குக் கீழே உள்ளவற்றில் எதையும் மனநிறைவோடு பரிந்துரைக்க என்னால் முடியவில்லை. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் பொறுத்திருப்பது நல்லது.

ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் இடையில் ரெட்கியர், காஸ்மிக் பைட், எவோஃபாக்ஸ் போன்ற இந்திய நிறுவனங்களின் மாடல்கள் நிறைய உள்ளன. நிறுவனப் பெயரை மட்டும் நம்பி வாங்க முடியாத இடம் இது. ஒரே பெயரின்கீழ் ஹால் எஃபெக்ட் உள்ள மாடலும் இல்லாத மாடலும் அடுத்தடுத்து விற்கப்படும், சில நூறு ரூபாய்தான் வித்தியாசம் இருக்கும். அந்தச் சில நூறைக் கொடுத்துவிடுங்கள். லாஜிடெக் எஃப்310 பல ஆண்டுகளாக விற்பனையில் இருக்கும் வயர் மாடல். அதில் அதிர்வு மோட்டார் கிடையாது, ஸ்டிக்குகளும் பழைய வகை. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் உழைப்பதால் பலர் அதைக் கைவிடுவதில்லை. இன்று புதிதாக வாங்குபவருக்கு நான் அதைவிட ஹால் எஃபெக்ட் வயர் மாடலையே சொல்வேன்.

இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு வரை செலவழிக்க முடிந்தால், 8பிட்டூ நிறுவனத்தின் அல்டிமேட் 2சி, கேம்சர் நிறுவனத்தின் நோவா லைட் ஆகிய பெயர்களைத் தேடிப் பாருங்கள். இரண்டிலும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்குகளும் எக்ஸ்இன்புட்டும் உண்டு. ஐயாயிரத்துக்கு மேல் எக்ஸ்பாக்ஸின் சொந்தக் கன்ட்ரோலரும் டூயல்சென்ஸும் வருகின்றன. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் கைப்பிடி வடிவத்துக்கும் பட்டன்களின் நேர்த்திக்கும் நிகராக மலிவு மாடல்களில் ஒன்றும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது இரண்டு ஏஏ பேட்டரிகளில் ஓடுவது. ரீசார்ஜ் பேட்டரியும் சார்ஜரும் தனிச் செலவு, டாங்கிள் வேண்டுமென்றால் அதுவும் தனிச் செலவு. முதல் கன்ட்ரோலராக அதை வாங்கத்தான் வேண்டும் என்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. எக்ஸ்இன்புட் கன்ட்ரோலர்களுக்கான டிரைவர் அதன் மையப் பகுதியான கெர்னலிலேயே நெடுங்காலமாக இருக்கிறது.

பழைய கன்ட்ரோலர் வாங்குபவர்களுக்கு

சென்னை ரிச்சி தெருவிலோ, தெரிந்தவர் மூலமோ பழைய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை நல்ல விலைக்கு வாங்க முடியும். எக்ஸ்பாக்ஸ் ஒன் காலத்துக் கன்ட்ரோலர்களில் ப்ளூடூத் உள்ளவையும் இல்லாதவையும் கலந்திருக்கின்றன. நடுவிலுள்ள எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றிய பிளாஸ்டிக்கைப் பார்த்தே பிரித்தறிய முடியும். அந்தப் பகுதி கன்ட்ரோலரின் முகப்போடு ஒரே துண்டாக இருந்தால் ப்ளூடூத் உண்டு. மேல் விளிம்பில் டிரிக்கர்களை ஒட்டியுள்ள பம்பர் பட்டன்களோடு சேர்ந்த தனித் துண்டாக இருந்தால் ப்ளூடூத் கிடையாது, அப்போது வயரில்தான் ஓட்ட வேண்டும், அல்லது மைக்ரோசாஃப்டின் தனி டாங்கிள் வாங்க வேண்டும். டூயல்ஷாக் 4 விஷயத்தில் போலிகள் மிக அதிகம். பெட்டி, எழுத்து, நிறம் எல்லாம் அசலைப்போலவே இருக்கும். புத்தம்புதிது என்று சொல்லி ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்குக் கொடுத்தால் அது அசலாக இருக்க வாய்ப்பில்லை என்று நகர்ந்துவிடுங்கள்.

கடைசிப் படி: வந்த அன்றே சோதியுங்கள்

திருப்பி அனுப்ப ஆன்லைன் கடைகள் தரும் அவகாசம் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்கள்தான். ஆகவே பெட்டி வந்த அன்றே, அதைப் பிரிப்பதைக் கைப்பேசியில் படம்பிடித்தபடி திறந்து, கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்துவிடுங்கள். அரை மணி நேரம் போதும்.

கன்ட்ரோலரை அதோடு வந்த வயரிலேயே இணையுங்கள். வேறு சார்ஜர் வயரை எடுத்தால் ஒரு சிக்கல் வரக்கூடும். சில மலிவான வயர்களில் மின்சாரம் போகும் கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவு போகும் கம்பிகள் இருக்காது. விளக்கு எரியும், சார்ஜ் ஏறும், ஆனால் கணினி அதைக் கண்டுகொள்ளாது. அக்கா மகனின் நண்பன் ஒருவன் நல்ல கன்ட்ரோலரைத் திருப்பி அனுப்ப மூட்டைகட்டி வைத்திருந்தபோது, வயரை மாற்றிப் பார்த்ததும் அது உயிர்பெற்றது.

பிறகு விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, தோன்றும் பெட்டியில் ஜேஓஒய் டாட் சிபிஎல் (joy.cpl) என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடைவெளி விடாமல் தட்டச்சு செய்யுங்கள். இணைந்திருக்கும் கன்ட்ரோலர்களின் பட்டியல் திறக்கும். அதில் உங்களுடையதைத் தேர்ந்து பண்புகளைத் திறந்தால், ஸ்டிக்கின் இடத்தைக் காட்டும் சிறு சிலுவைக் குறியும் பட்டன்களுக்கான வட்டங்களும் தெரியும். இந்தத் திரை பழைய டைரக்ட்இன்புட் வழியாகப் பார்ப்பதால், எக்ஸ்இன்புட் கன்ட்ரோலரின் இரண்டு டிரிக்கர்களையும் ஒரே அச்சாகக் காட்டும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் குறி நடுவில் போய் நிற்கும். அதைப் பழுது என்று எண்ணிவிடாதீர்கள். டிரிக்கர்களைத் தனித்தனியாகப் பார்க்க, பிரவுசரில் திறக்கும் இலவச கேம்பேட் சோதனைத் தளம் ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்துங்கள். அதில் ஒவ்வோர் அசைவுக்கும் எண் தெரியும் என்பதால் அடுத்த சோதனைகளுக்கும் அதுவே வசதி.

முதலில் ஸ்டிக்கைத் தொடாமல் விட்டுவிட்டு எண்களைப் பாருங்கள். பூச்சியத்துக்கு அருகில், 0.05-க்குள் சற்றே துடித்தால் பரவாயில்லை. அடுத்து ஸ்டிக்கை ஒரு முறை சுற்றிவிட்டு விரலைச் சட்டென்று எடுங்கள். எண் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். இப்படி மேல், கீழ், இடம், வலம் என்று ஒவ்வொரு திசையிலிருந்தும் ஐந்தாறு முறை செய்யுங்கள். புதிய கன்ட்ரோலரில் 0.10-ஐத் தாண்டி நின்றால், அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால், தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். பின்பு நான்கு பக்கமும் முழுதாகச் சாய்த்து, எண் 1.00-ஐத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் 0.85-உடன் நின்றுவிட்டால், கேமில் அந்தத் திசையில் மட்டும் வீரன் முழுவேகத்தில் ஓடமாட்டான். மிக மெதுவாகச் சாய்க்கும்போது எண் சீராக ஏற வேண்டும். நீண்ட நேரம் பூச்சியத்திலேயே நின்றுவிட்டு திடீரென 0.20-க்குத் தாவினால், குறையை மறைக்க உற்பத்தியாளர் நடுவில் அசைவையே கணக்கில் எடுக்காத பகுதியான டெட்சோனைப் பெரிதாக வைத்திருக்கிறார். துல்லியமான குறிபார்ப்புக்கு அது ஆகாது.

டிரிக்கரை மெல்ல அழுத்தும்போதும் எண் படிப்படியாக உயர வேண்டும். டி-பேடில் வலப்பக்கத்தை அழுத்திப் பிடித்தபடி கட்டைவிரலை லேசாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மேல் அல்லது கீழ்த் திசை தானாகப் பதிவானால், சண்டை கேம்களில் அது எரிச்சலூட்டும். ஒவ்வொரு பட்டனையும் இருபது முறை அழுத்துங்கள். ஸ்டிக்குகளைக் கீழ்நோக்கி அழுத்தும் சுவிட்சுகளையும் விட்டுவிடாதீர்கள், பலர் அதை மறந்துவிட்டு ஒரு மாதம் கழித்துக் கண்டுபிடிக்கிறார்கள். வயர்லெஸ் மாடல் என்றால், வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, அரை மணி நேரம் உண்மையான கேமை விளையாடித் தொடர்பு அறுகிறதா என்று பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், ஸ்டீமின் அமைப்புகளில் கன்ட்ரோலர் பகுதியைத் திறந்து அங்கேயும் அது தெரிகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். டெட்சோனைக் கூட்டும் வசதி அங்கே உண்டு. பல மாதம் உழைத்த ஸ்டிக் லேசாக நகரத் தொடங்கும்போது அதைக் கொஞ்சம் கூட்டி, இன்னும் சில காலம் ஓட்ட முடியும். புதிதாக வந்த கன்ட்ரோலரின் குறையை மறைக்க அதைப் பயன்படுத்தாதீர்கள், திருப்பி அனுப்பும் நாட்கள் கைவிட்டுப் போய்விடும். உத்தரவாதம் ஆறு மாதமா ஓராண்டா என்பதைப் பில்லில் பார்த்து, பில்லின் படத்தையும் பெட்டியிலுள்ள வரிசை எண்ணின் படத்தையும் மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். கடையில் தரும் பில்லின் மை ஓராண்டுக்குள் வெளிறிப்போகும். உத்தரவாதம் கேட்டுப் போகும்போது பெரும்பாலும் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.